மென்மையும் மருத்துவமனை வார்டும்



உஹதில் நடந்தது நமக்குத் தெரியும். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணம். இளைஞர்கள் பலர் வெளியே போகலாம் என்றார்கள், நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வில்வீரர்களில் பெரும்பாலோர் நின்ற இடத்தை விட்டு இறங்கினார்கள். எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள்.

நாமாக இருந்தால், "இனி எவனிடமும் யோசனை கேட்க மாட்டேன்" என்போம். ஆனால் ஆலு இம்ரான் 159-வது வசனத்தில் அல்லாஹ் சொல்வது வேறு. நீர் கடுகடுப்பாக இருந்திருந்தால் அவர்கள் உம்மை விட்டுக் கலைந்திருப்பார்கள்; மன்னியும், மறுபடியும் அவர்களிடமே ஆலோசனை கேளும் என்கிறான்.

கலைவது என்றால் காலால் நடந்து போவது மட்டுமா? அரசு வேலையை யார் விடுவார்? ஆள் டூட்டியில் இருப்பார், மனம் போயிருக்கும்.

ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் சகோதரி சொன்னார்: "ஹஜ்ரத், தீக்காயம் பட்ட ஒருவருக்குச் சிறுநீர் குறைகிறது என்று ரவுண்ட்ஸில் சொன்னேன். 'நீ டாக்டரா' என்று எல்லார் முன்னாலும் திட்டினார்கள். இப்போது சார்ட்டில் எழுதுவேன், வாயைத் திறக்க மாட்டேன்."

"அது அமானிதம் அம்மா, சொல்லித்தான் ஆக வேண்டும்" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, நான் சொன்னது பாதிப் பதில். மீதிப் பாதி அவரைத் திட்டியவருக்குரியது.

நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் - பட்டாசு ஆலை விபத்துகளை மறந்தோமா? பெரிய தீக்காயத்துக்கு முதல் 24 மணி நேரம் ஏற்றும் திரவத்தின் அளவை, மணிக்கு மணி சிறுநீரைப் பார்த்துத்தான் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அதைப் பார்ப்பவர் கட்டிலருகே நிற்கும் நர்ஸ். 2022-ல் விருதுநகருக்கு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர் வாய் மூடிவிட்டால் எந்தக் கட்டடம் பேசும்?

அப்படியானால் கண்டிக்கவே கூடாதா? வில்வீரர்களின் தவறை அதே சூராவில் அல்லாஹ் மறைக்கவில்லை. தவறைச் சொன்னான், மன்னித்ததையும் சொன்னான்.

கிளினிக், லேப், மருந்துக்கடை நடத்துபவர்கள் இந்த ஸஃப்பிலும் இருக்கிறீர்கள். நோயாளியோடு போய் சிஸ்டரிடம் கத்துகிற நாமும் இருக்கிறோம். அனஸ் (ரலி) சிறுவராக வந்து பத்து ஆண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒரு 'சீ' என்ற சொல்லைக்கூடக் கேட்டதில்லை என்று பின்னாளில் மக்களிடம் சொன்னார்கள். இன்று உங்களிடம் வேலை செய்பவர் உங்களைப் பற்றி வீட்டில் என்ன சொல்கிறார்?