அழிந்ததும் அழித்ததும்

தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பாகுபாடு ஒரு தார்மீகப் பாகுபாடும்கூட என்பது நமக்கு அபூர்வமாகவே உறைக்கிறது. அழிந்தது என்பது ஒன்று. அழித்தது என்பது வேறொன்று. ஒரு மெல்லின ஒற்று இருந்த இடத்தில் ஒரு வல்லின ஒற்று வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். ஆனால் அதோடு கூடவே வாக்கியத்துக்குள் ஓர் ஆளும் வந்துவிடுகிறார். பேச்சில் அந்த ஆளை நாம் வெளியே தள்ளிவிடுகிறோம். போனிலிருந்த படங்களை யாரோ தெரிந்தோ தெரியாமலோ நீக்கியிருப்பார்கள். 'போட்டோ எல்லாம் அழிஞ்சு போச்சு' என்றுதான் சொல்வோம். மெமரி கார்டிலிருந்து படங்களை எடுத்துக் கொடுக்கும் கடைகளின் பலகையிலும் இதே இலக்கணம்தான்: அழிந்த போட்டோக்கள் மீட்டுத் தரப்படும். 'அழித்த போட்டோக்கள்' என்று எழுதியிருந்தால் வாசலில் வாடிக்கையாளர் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானது, அவசியமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்தூலமான விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். விரல்நகம் அளவுள்ள அந்தத் தகட்டில் இருப்பவை இரண்டு. ஒன்று, படங்கள். மற்றது, எந்தப் படத்துக்கு என்ன பெயர், அது எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்கிற பட்டியல். 'டிலீட்' என்று அழுத்தும்போது கை வைக்கப்படுவது பட்டியலில் மட்டுமே. 32 ஜிபி வரையிலான கார்டுகளில் வழக்கமாக உள்ள ஃபேட்32 முறையில், பெயரின் முதல் எழுத்து எடுக்கப்பட்டு அங்கே ஓர் அடையாளக் குறி இடப்படுகிறது. படம் இருந்த கட்டங்கள் காலி என்று குறிக்கப்படுகின்றன. படம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பெயரில்லாமல், விலாசமில்லாமல். இனி எடுக்கப்போகும் வேறொரு படம் அந்தக் கட்டங்களின் மேல் வந்து விழும்வரை அது அப்படியே இருக்கும். படம் காணாமல் போனால் முதல் காரியமாக அந்தக் கார்டில் எதையும் புதிதாகப் பதியாதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். ஃபார்மட் செய்வதும், அவசரமாக நடக்கும் சாதாரண ஃபார்மட்டாக இருந்தால், பெரும்பாலும் பட்டியலைத்தான் புதிதாக்குகிறது.

மீட்கும் மென்பொருள்கள் பட்டியலை நம்புவதில்லை. போட்டோரெக் என்று ஒன்று இருக்கிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, இலவசமாகக் கிடைப்பது. அது கார்டின் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை தடவிக்கொண்டே போகிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான சில பைட்டுகளில்தான் தொடங்கும். அந்தத் தொடக்கம் தென்படும் இடத்திலெல்லாம் ஒரு படத்தை வெட்டி எடுத்துத் தருகிறது. பழைய பெயர்கள் திரும்புவதில்லை, எண்கள்தான் பெயர்கள். கட்டங்கள் சிதறிக் கிடந்த படமாக இருந்தால் பாதி முகம் வரும், மீதி சாம்பல் நிறமாக இருக்கும். போனின் உள் நினைவகத்தில் இந்த வித்தை அநேகமாகப் பலிப்பதில்லை. இன்றைய போன்கள் உள்ளே இருப்பதைச் சங்கேதத்தில் பூட்டி வைக்கின்றன, சாவி போனபின் மிஞ்சுவது வெறும் இரைச்சல். வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள முடிகிற கார்டில்தான் அழிவு இன்னும் இத்தனை மெத்தனமாக நடக்கிறது.

நமக்கு முக்கியம், இந்தத் தேடலுக்குத் தன்வினை பிறவினை தெரியாது என்பது. கை தவறிப் போனதும் மனசறிந்து நீக்கியதும் அதற்கு ஒன்றே. நேற்றுப் போனதும் 3 வருஷம் முன்பு போனதும் கலந்து கட்டியாக வந்து விழுகின்றன.

திருவாதவூரில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் இந்தக் கலப்பு ஒரு பிரச்னையாக வந்தது. அந்த வீட்டு அம்மாள் புற்றுநோயில் இறந்துபோனார். சிகிச்சைக் காலத்தில், முடியெல்லாம் கொட்டிய பிறகு, மகன் ஆஸ்பத்திரியில் வைத்து அவரைச் சில படங்கள் எடுத்திருக்கிறான். அவர் போனைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்து, ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவர் போய் ஒரு வருஷம் கழித்து வீட்டுக் குழந்தை போனை நோண்டி கார்டை ஃபார்மட் செய்துவிட்டது. அக்காவின் கல்யாணப் படங்கள் அதோடு போயின. பையன் ஒத்தக்கடைக்குப் போய்க் கார்டைக் கொடுத்தான். கல்யாணப் படங்கள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. அவற்றோடு ஆஸ்பத்திரிப் படங்களில் சிலவும் இருந்தாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தது. எண்களைப் பெயராகத் தாங்கிய சில ஆயிரம் கோப்புகள். திறப்பதற்கு முன்னால் என்னிடம் வந்தான்.

பெயர் போனாலும், படம் எடுத்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். தேதிவாரியாகப் பிரித்தால் அந்த மாதங்களை மட்டும் பார்க்காமலே ஒதுக்கிவிட முடியும் என்று சொன்னேன். அவன் சொன்னான்: "அதுதாண்ணே எங்கம்மாவோட கடைசி மொகம். அதைப் போயி எப்படிண்ணே விடுறது?"

இந்தக் கேள்வியை உணர்ச்சிவசப்பட்டது என்று தள்ளிவிட முடியாது. இதன் பின்னால் ஒரு கலாசாரமே நிற்கிறது. இந்த ஊரின் ஓவாமலைக் குகையில் சமண முனிவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழி எழுத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ 2,200 வருஷத்துப் பழமை. ஆள் போய், முகம் போய், பெயர் மட்டும் நிற்கிறது. பெயர் போய் முகம் நிற்கும் மெமரி கார்டுக்கு நேர் எதிர். இதே ஊரில் பிறந்த மாணிக்கவாசகர் தில்லையில் சொல்லச் சொல்லச் சிவனே வந்து திருவாசகத்தை ஓலையில் எழுதிக் கையெழுத்திட்டதாக ஐதீகம். பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் வாழ்த்தில், ஊழி முடிவில் எல்லாம் ஒழிந்த தனிமையில் வாசித்துக்கொண்டிருக்கத்தான் இறைவன் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டான் என்கிற பொருளில் ஒரு கற்பனை செய்தார். அரசு விழாக்களில் பாடப்படும் பகுதியில் இது இல்லை. பிரளயத்துக்கும் ஒரு பிரதி என்பது நம் ஆழ்ந்த ஆசைகளில் ஒன்று.

நவீன காலத்தில் இந்த ஆசையின் நாயகர் உ.வே. சாமிநாதையர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதைக் கேள்விப்பட்டு அவர் பட்ட வேதனையைப் படிக்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் மீட்டவை அழிந்துகொண்டிருந்தவை. கறையானும் ஈரமும் அசிரத்தையும் தின்றவை. நெருப்பில் போட்டவர்கள்கூட மரியாதை செய்வதாக நினைத்துத்தான் போட்டார்கள். தன் பாட்டு இருக்கக் கூடாது என்று தீர்மானித்த புலவன் ஒருவனுடைய கையிலிருந்து அவர் எதையும் பிடுங்கவில்லை. அவருடைய பெருமையைக் கடன் வாங்கிக்கொண்டு, அழிக்கப்பட்டதையும் தோண்டுவது ஒரு புண்ணிய காரியம் என்று நாம் நம்பத் தொடங்கியிருக்கிறோம். இது கருத்துக் குழப்பம்.

காஃப்காவின் உதாரணத்தை உடனே யாராவது எடுப்பார்கள். தன் எழுத்தையெல்லாம் எரித்துவிடும்படி அவர் மாக்ஸ் பிராடுக்கு எழுதி வைத்தார், 1924-இல் இறந்தார், 1925-இல் பிராட் 'விசாரணை'யைப் பிரசுரித்தார். பிராட் செய்தது சரி என்பது இலக்கியவாதிகளுக்குள் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. எரிக்க மாட்டேன் என்று பிராட் முன்னமே சொல்லியிருந்தார், தெரிந்தே அவரிடம் காஃப்கா பொறுப்பை விட்டார் என்பது வழக்கமான சமாதானம். இருக்கலாம். ஆனால் நாம் அந்தப் பக்கங்களைப் படித்து வளர்ந்தவர்கள். திருட்டு மாம்பழத்தைத் தின்றுவிட்டுத் திருட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் நிலையில் இருக்கிறோம். நமக்குக் கிடைத்த லாபம் ஒரு நியாயம் ஆகாது. தவிரவும் காஃப்கா இன்னொருவரிடம் எரிக்கச் சொன்னார். அந்த அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை, தன் விரலாலேயே செய்து முடித்தார். அதில் நமக்கு வியாக்கியானம் செய்ய இடமில்லை.

அப்படியானால் அழித்ததை எப்போதுமே தோண்டக் கூடாதா? திருவாதவூருக்குப் போகும் சாலை ஒத்தக்கடையில்தான் மேலூர்ச் சாலையிலிருந்து பிரிகிறது. அதன் பக்கத்தில், 2004-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. இந்தக் கேள்வியின் இரண்டு முகங்களும் அங்கே வந்து போயின.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனையும், செல்போன் கடை வைத்திருந்த அவர் மகனையும் காவல் நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். இருவரும் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். நீதிமன்றம் அனுப்பிய மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது, காவல் நிலையக் காமிராக்களின் பதிவுப் பெட்டியில் 1 டெராபைட் இடம் இருந்தும், ஒவ்வொரு நாளின் பதிவும் தானாகவே அழியும்படி அமைத்து வைத்திருந்ததாக அறிக்கை கொடுத்தார். கவனியுங்கள்: தானாகவே அழிகிறது. தன்வினை. ஆனால் அப்படி அமைத்தது ஒரு கை. இங்கே 'அழிந்தது' என்ற சொல்லே ஒரு பொய்ச் சாட்சி. இதைத் தோண்டுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தோண்டாமல் இருப்பதுதான் குற்றம்.

இன்னொருவர், குற்றவழக்கொன்றில் இதே நீதிமன்றத்தால் 2014-இல் விடுவிக்கப்பட்டவர். விடுதலைத் தீர்ப்பே அவருடைய பெயரோடு இணையத்தில் நின்று, போன இடமெல்லாம் அவரைத் துரத்தியது. பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டு வந்தார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. மெமரி கார்டு ஒரு நொடியில், கேட்காமலே செய்கிற காரியம், பெயரை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைப்பது, ஒரு மனிதனுக்கு இத்தனை வருஷமாகியும் உறுதியாகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவுகோல் தெரிகிறது. அழித்தவருடைய அதிகாரம் யார்மேல் செல்கிறது என்பதே கேள்வி. பிறருக்குத் தான் செய்ததை அழிக்கிறவன் பிறருடையதைத் திருடுகிறான். அதை மீட்க வேண்டும். தனக்கு நேர்ந்ததை, தன் முகத்தை அழிக்கிறவர் தன்னுடையதைத்தான் செலவழிக்கிறார். அங்கே நமக்கு வேலை இல்லை. எல்லா வழக்கும் இதற்குள் ஒழுங்காக அடங்கிவிடும் என்று நான் பாசாங்கு செய்யவில்லை. ஒரு படத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் அழித்திருப்பார், மற்றவர் வைத்துக்கொள்ள விரும்புவார். ஆனால் எங்கிருந்து விசாரணையைத் தொடங்குவது என்பதையாவது இந்த அளவுகோல் சொல்கிறது.

'மீட்டல்' என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும். நான் வேலை பார்ப்பது வங்கியில். நகைக் கடன் பிரிவில் அன்றாடம் புழங்குகிற சொல் அது. அடகு வைத்தவர்தான் நகையை மீட்கலாம். அவர் இறந்துபோனால் வாரிசு, சான்றிதழோடு வந்து, கடனைக் கட்டி மீட்கலாம். அதாவது மீட்டல் என்பதற்குள்ளேயே யாருக்கு உரிமை என்ற கேள்வி இருக்கிறது. மெமரி கார்டு வாரிசுக்குச் சேரும் பொருள்தான், நகையைப் போல. அம்மாள் மறுத்துவிட்டுப் போன பார்வை அப்படிச் சேருவதில்லை. யாரும் அடகு வைக்காத ஒன்றை எந்த ரசீதைக் காட்டி மீட்பது?

செத்தவர்களுக்கு வெட்கம் ஏது என்று கேட்கலாம். தன்னை எரிக்க வேண்டாம், புதைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிப்போனவரின் பேச்சை, அவருக்கு வலிக்காது என்பதற்காக யாரும் மீறுவதில்லை. நோயின் ஒரு கணத்தில் செய்தது என்றென்றைக்கும் ஆணையாகுமா, பிழைத்திருந்தால் மனசு மாறியிருக்கலாமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். மாறியிருக்கலாம்தான். ஆனால் மாற்றிக்கொள்ளும் உரிமை அவருடையது. அதை அவர் சார்பில் நாம் பயன்படுத்தும்போது நம் ஆசையைத்தான் அவர் குரலில் பேசுகிறோம்.

அந்த அம்மாள் மகனை மறக்கச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தினமும் கட்டிலருகே இருந்து அந்த முகத்தைப் பார்த்தவன் அவன். அதை அவனிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. அவர் எடுக்க முயலவும் இல்லை. அருகே இல்லாதவர்கள், இனி பிறக்கப்போகிறவர்கள் பார்க்கும் முகமாக அது இருக்க வேண்டாம் என்பதே அவர் செய்தது. நினைவும் பதிவும் வேறு வேறு என்ற பிரக்ஞை நமக்கு மங்கிக்கொண்டே வருவதால், பதிவை இழப்பதையே நினைவை இழப்பதாகக் கருதிப் பதறுகிறோம்.

அந்தப் பையனுக்கு இதனால் ஆறுதல் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. பார்க்க முடிந்த ஒன்றைப் பார்க்காமல் விடுவது நஷ்டம்தான். அதை நஷ்டம் என்றே சொல்ல வேண்டும், தத்துவம் பேசி லாபமாக்கக் கூடாது. முன்பெல்லாம் அழிந்த பொருள் தானே இந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டது. சாம்பலிடம் யாரும் வாதாட முடியாது. இப்போது எதுவும் லேசில் சாம்பலாவதில்லை. சாம்பல் செய்துவந்த காரியத்தை இனி நாம்தான் செய்தாக வேண்டும், ஒவ்வொரு கார்டின் முன்னாலும், ஒவ்வொரு தடவையும்.