வெள்ளையடிப்பவர் யாரைக் கேட்க வேண்டும்?

சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மிஷன் பகுதியில், 24-ஆம் தெருவுக்கும் 25-ஆம் தெருவுக்கும் நடுவே பால்மி சந்து என்று ஒரு குறுகிய பாதை உண்டு. கார் ஷெட் கதவுகள், கொல்லைப்புறத்து மரவேலிகள், வீடுகளின் பின்சுவர்கள், இவைதான் அதன் இரு கரைகளும். 1972-இல் பட்ரிசியா ரோட்ரிகஸ், கிராசியேலா கரீயோ என்ற இரண்டு இளம் ஓவியர்கள் அங்கே ஒரு வேலியில் வரைந்தார்கள். 1984-இல் ரே பட்லான் முன்னின்று நடத்திய ‘பிளாகா’ குழு அந்தச் சந்து முழுவதையும் ஓவியத்தால் நிறைத்தது. எல் சால்வடோரிலும் குவாத்தமாலாவிலும் நிகராகுவாவிலும் அன்று நடந்துகொண்டிருந்த போர்களும், அவற்றில் அமெரிக்க அரசு செய்த தலையீடும்தான் பொருள். அந்தப் போர்களிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் அதே தெருக்களில் குடியிருந்தன. இன்று அந்த ஓவியங்களில் பல இல்லை. வெயிலில் நிறம் வெளுத்தது, மழையில் பலகை உளுத்தது, வேலியை மாற்றியபோது ஓவியமும் கூடவே போயிற்று. சில இடங்களில் பழையதன் மேலேயே புதியது ஏறியிருக்கிறது. போரைச் சொன்ன சுவர்கள் சில இப்போது வாடகை கட்ட முடியாமல் வெளியேற்றப்படும் குடும்பங்களைச் சொல்கின்றன. ஓர் ஊர் தனக்கென்று வரைந்துகொண்ட ஓவியம் அழியும்போது அங்கே நடப்பது வெறும் இழப்பா, அநீதியா? இரண்டும் ஒன்றல்ல என்பதையும், அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் சுவரோவியம் பற்றிய நம் வாதங்கள் தடம் மாறுகின்றன என்பதையும் இங்கே நிறுவ முயல்கிறேன்.

நம் மரபில் இந்தக் கேள்விக்குக் கைவசம் ஒரு விடை இருக்கிறது. தோன்றியது அழியும். குறளில் நிலையாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. பௌத்தமும் சமணமும் சித்தர்களும் அதை வெவ்வேறு குரலில் சொல்லியிருக்கிறார்கள். உடம்பே நில்லாதபோது சுவரில் பூசிய சாயம் நிற்கவில்லை என்று வருந்துவது பற்று அல்லவா என்று கேட்கலாம். இந்த விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் அது எதைப் பற்றிய உண்மை என்று பார்க்க வேண்டும். நிலையாமை உலகத்தின் இயல்பைச் சொல்கிறது. ஒரு மனிதன் இன்னொருவனுக்கு என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவில்லை. எல்லோரும் ஒருநாள் சாகத்தான் போகிறோம் என்பது கொலைக்குச் சமாதானம் ஆகாது. வெயில் வெளுக்கச் செய்வதும் ஒருவர் வாளியும் பிரஷும் எடுத்து வந்து மறைப்பதும் சுவரில் ஒரே முடிவைத் தரலாம். மனிதர்களுக்கு இடையே அவை வேறு வேறு செயல்கள். வாசல் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போட்ட கோலம் மதியத்துக்குள் மிதிபட்டுக் கலையும் என்பது போட்டவளுக்குத் தெரியும். வருகிறவர்கள் மிதிக்கத்தான் வாசல் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினால் தெருவில் சண்டை வரும். போன மாவு இரண்டிலும் ஒரே அளவுதான். மாவு போனதற்காக அவள் சண்டை போடவில்லை.

அப்படியானால் எதற்காக? என் விடை இது. ஊர்ச் சுவரோவியம் ஒரு பொருளாக இருப்பதற்கு முன்பே ஓர் உடன்பாடாக இருக்கிறது. சுவருக்கு உரியவர் இடம் தருகிறார், ஓவியர் உழைப்பைத் தருகிறார், அக்கம்பக்கத்தில் வாழ்கிறவர்கள் ‘இது எங்கள் சுவரில் இருக்கட்டும்’ என்று ஏற்கிறார்கள். அந்த ஏற்பு இல்லாவிட்டால் அது விளம்பரப் பலகையாகத்தான் இருக்கும். ஆகவே ஓவியம் மறைவதில் இழப்பு எப்போதும் உண்டு. அநீதி எப்போதும் இல்லை. அந்த உடன்பாட்டில் பங்கு உள்ளவர்களைக் கேட்காமல், காரணம் சொல்லாமல் அழிக்கும்போதுதான் அநீதி பிறக்கிறது.

இதே 24-ஆம் தெருவில், யார்க் தெரு சந்திக்கும் மூலையில், இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1983-இல் ஹுவானா அலிசியா என்ற ஓவியர் அங்கே கீரைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களை வரைந்தார். ‘லாஸ் லெச்சுகேராஸ்’ என்பது அதன் பெயர். அவரே இளம்வயதில் கலிபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கில் அந்த வேலையைச் செய்தவர். சுவருக்குள் நீர் இறங்கி அந்த ஓவியம் கெட்டது. 2004-இல் அதே சுவரில் அவரே புதிதாக ஒன்றை வரைந்தார். நீலத்தில் தோய்ந்த அந்த ஓவியத்தில் மெக்சிகோவின் பழங்கதையில் வரும் லா யோரோனா, பிள்ளைகளை நீரில் இழந்து அழும் தாய், நிற்கிறாள். அவளைச் சுற்றித் தண்ணீர் தனியார்மயமானதை எதிர்த்த பொலிவியாவின் கொசபம்பா மக்கள், ஹுவாரெஸ் நகரில் கொல்லப்பட்ட பெண்களுக்காகக் கறுப்பு உடுத்திப் போராடும் பெண்கள், நர்மதைப் பள்ளத்தாக்கில் அணைக்கு எதிராக நீரில் நிற்கும் நம் நாட்டு விவசாயப் பெண்கள். கலிபோர்னியாவின் ஒரு தெருமுனையில் நர்மதை இருக்கிறது. அதற்கு இடம்விட்டுப் போன கீரைத் தோட்டத்துப் பெண்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் யாருக்கும் அங்கே தீங்கு இழைக்கப்படவில்லை. வரைந்த கையே திரும்ப வந்தது, அதே தெரு மறுபடியும் ஏற்றது. உடன்பாடு புதுப்பிக்கப்பட்டது.

எதிர்ப்பக்கத்துச் சான்று நியூயார்க்கில் இருக்கிறது. லாங் ஐலண்ட் சிட்டியில் ஃபைவ் பாயிண்ட்ஸ் என்று அழைக்கப்பட்ட பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் சுவர்களில் உரிமையாளரின் சம்மதத்தோடு பல ஆண்டுகள் ஓவியர்கள் வரைந்தார்கள். பிறகு அவர் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்ட முடிவு செய்தார். ஓவியர்கள் நீதிமன்றம் போனார்கள். 2013 நவம்பரில் தடை மறுக்கப்பட்டது. சில நாட்களிலேயே ஒரே இரவில் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. 2018-இல் அதே நீதிமன்றம் 45 ஓவியங்களுக்காக 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முதல் பார்வைக்கு இதில் முரண் தெரியும். இடிப்பதைத் தடுக்க மறுத்தவர்கள், எப்படியும் இடிபடப் போகிற சுவரில் வெள்ளையடித்ததற்கு ஏன் தண்டம் விதிக்க வேண்டும்? அந்த நாட்டின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடத்திலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய ஓவியத்தை அகற்றும் முன் ஓவியருக்கு எழுத்தில் அறிவித்து 90 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. உரிமையாளர் பொறுத்திருந்து அந்த வழியில் போயிருந்தால் இந்தத் தொகை வந்திருக்காது என்பதை நீதிபதியே தீர்ப்பில் குறித்தார். சுவர் அழிவதை அவர்கள் அநீதி என்று சொல்லவில்லை. கேட்காமல் அழித்ததைத்தான் சொன்னார்கள். அந்த ஓவியங்கள் நிரந்தரமானவை அல்ல, ஆகவே மதிப்பற்றவை என்ற வாதத்தையும் மேல்நீதிமன்றம் ஏற்கவில்லை.

இங்கே சொத்துரிமை பேசுகிறவர்கள் குறுக்கிடுவார்கள். சுவர் அவருடையது, வரி கட்டுவது அவர், மராமத்து பார்ப்பது அவர். தன் சுவரில் தான் பெயிண்ட் அடிக்க யாரிடம் கேட்க வேண்டும்? அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சுவருக்கு இரண்டு முகம். உள்முகம் வீட்டுக்காரருடைய கண்ணுக்கு. வெளிமுகம் சந்தில் நடக்கும் அத்தனை பேருடைய கண்ணுக்கும். அந்த வெளிமுகத்தில் வரைய அவர் சம்மதித்த நாளில் தானாகவே மற்றவர்களோடு ஓர் உறவில் நுழைந்துவிட்டார். உறவிலிருந்து விலக உரிமை உண்டு. சொல்லாமல் விலகுவதைத்தான் தவறென்கிறேன். அறிவிப்பு ஒட்டுவதும், ஓவியரைக் கூப்பிட்டுச் சொல்வதும், படம் எடுத்துக்கொள்ள நாள் தருவதும் சொத்தைப் பறிப்பது ஆகாது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. ஊரின் ஏற்புதான் அளவுகோல் என்றால், பெரும்பான்மைக்குப் பிடிக்காத உண்மையைச் சுவரில் சொன்னவரின் கதி என்ன? 1967-இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின ஓவியர்கள் கூடி ‘மரியாதைச் சுவர்’ என்ற பெயரில் தங்கள் வீரர்களையும் இசைக் கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் வரைந்தார்கள். அமெரிக்காவெங்கும் பின்னால் எழுந்த தெருவோவிய இயக்கத்துக்கு அதுவே தொடக்கம் என்பார்கள். அந்தச் சுவரிலேயே, சில மாதங்களுக்குள், ஒருவர் வரைந்த பகுதி வெள்ளையடிக்கப்பட்டு வேறொருவரால் மறுபடி வரையப்பட்டது. அந்தக் காயத்தோடு குழு உடைந்தது. வெளியாள் யாரும் செய்யவில்லை, சொந்த மக்களே செய்தார்கள். என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான். ஆனால் கேட்பது என்பதை வாக்கெடுப்பு என்று நான் சொல்லவில்லை. அழிப்பதால் இழக்கப்போகிறவரின் முகத்துக்கு நேரே காரணம் சொல்வதும், அவர் பதிலைக் காதில் வாங்குவதும்தான் கேட்பது. தலையெண்ணி வென்றவர்கள் இந்தக் கடனைத் தீர்த்துவிட்டதாக ஆகாது.

அதே சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது இதைத் தெளிவாக்கும். 1936-இல் விக்டர் அர்னாடாஃப் அங்கே வாஷிங்டனின் வாழ்க்கையை 13 பகுதிகளாக வரைந்தார். தேசத்தந்தையின் தோட்டத்தில் உழைக்கும் அடிமைகளும், வெள்ளையர் மேற்கே நகரும் வழியில் செத்துக் கிடக்கும் ஒரு பழங்குடி மனிதரும் அதில் உண்டு. ஓவியர் இடதுசாரி, புகழ்பாட அல்ல, குற்றம்சாட்டவே அப்படி வரைந்தார். ஆனால் தினமும் அந்தப் பிணத்தைக் கடந்து வகுப்புக்குப் போகும் பழங்குடி மாணவருக்கு ஓவியரின் நோக்கம் ஆறுதல் தராது. அவருடைய வலியும் உண்மை. 1960-களின் இறுதியில் கறுப்பின மாணவர்கள் எதிர்ப்புக் காட்டியபோது பள்ளி ஒரு வழி கண்டது. டூயி கிரம்ப்ளர் என்ற இளம் கறுப்பின ஓவியரை அழைத்தது. அவர் பழையதைத் தொடாமல், ஒடுக்கப்பட்ட மக்களின் எழுச்சியை அதே பள்ளியில் எதிர்மொழியாக வரைந்தார்; 1974-இல் அது முடிந்தது. 2019-இல் பள்ளி வாரியம் அர்னாடாஃபின் ஓவியத்தின் மேல் பெயிண்ட் அடிக்க முடிவெடுத்தபோது, அதை எதிர்த்தவர்களில் கிரம்ப்ளரும் ஒருவர். 2022-இல் முடிவு கைவிடப்பட்டது. ஓவியத்துக்கு ஓவியத்தால் பதில் சொன்னவர், முதல் ஓவியம் அழிந்தால் தன் பதிலும் பொருளற்றுப் போகும் என்று கண்டார். வலிக்கும் சுவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு இதுவரை மனிதர்கள் கண்ட விடைகளில் இதையே நான் உயர்ந்ததாக நினைக்கிறேன்.

கலை வரலாற்று அறிஞர்களின் மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். சம்மதம் இருந்தால் பெரும் கலையும் மறையலாமா? தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்நடையில் நாயக்கர் காலத்தவர்கள் சோழர் ஓவியங்களின் மேலேயே சுண்ணாம்புப் பூச்சு ஏற்றி வரைந்தார்கள். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொல்லும்வரை அடியில் இருப்பது உலகுக்குத் தெரியவில்லை. பின்னர் தொல்லியல் துறை சில இடங்களில் நாயக்கர் படலத்தைத் தனியே பெயர்த்தெடுத்து, அதையும் பாதுகாத்தது. நாயக்கர் கால ஓவியரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வழிபாடு நடக்கும் சுவர். தெய்வத்தை வரைவது தொண்டு. மங்கிய பழையதன் மேல் புதியதை எழுதுவதும் அந்தத் தொண்டின் பகுதி என்றே அவர் கருதியிருக்க வேண்டும். அங்கே நேர்ந்தது இழப்பு, பேரிழப்பு. நம் காலத்தில் திருப்பணி என்ற பெயரில் பழைய கோயில் ஓவியங்கள் மேல் சுண்ணாம்பு ஏறியதை அப்படி மன்னிக்க முடியாது. அடியில் இருப்பது என்னவென்று சொல்லக்கூடியவர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல்தான் அது நடந்தது. அறிவு வளர வளரக் கேட்கப்பட வேண்டியவர்களின் வட்டமும் பெரிதாகிறது.

எனக்கு முழு நிறைவான விடை தெரியாத மறுப்பு ஒன்று மிஞ்சுகிறது. ஓவியங்களால் மிஷன் பகுதி புகழ்பெற்றது. தொழில்நுட்ப நிறுவனப் பணத்தோடு சேர்ந்து அந்தப் புகழும் வாடகையை ஏற்றியது. வரைந்தவர்களின் உறவுகளும் அண்டை அயலாரும் வெளியேறினார்கள். உடன்பாட்டைச் செய்தவர்களே போய்விட்டால் யாரைக் கேட்பது? 2014-இல் நகராட்சி 24-ஆம் தெருவை லத்தீனோ பண்பாட்டு வட்டாரமாக அறிவித்தது. 1977-இல் தொடங்கிய பிரெசிட்டா ஐஸ் என்ற ஓவியர் அமைப்பு அங்கே இன்றும் சுவர்களைப் பராமரித்து, பிள்ளைகளுக்கு வரையக் கற்றுத்தருகிறது. இவை வெளியேறியவர்களைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஆனால் புதிதாக அந்தச் சந்தில் வீடு வாங்குகிறவர் சுவரோடு சேர்த்து அதன்மேல் உள்ள கடனையும் வாங்குகிறார் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும் வாயாக இந்த அமைப்புகள் இருக்கின்றன.

நம் நாட்டிலும் இதற்குத் தீர்ப்பு உண்டு. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசு அவரைக் கேட்காமல் பெயர்த்துக் கிடங்கில் போட்டது. 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. இந்தியச் சட்டமும் அமெரிக்கச் சட்டமும் படைத்தவரின் குரலைக் கேட்கின்றன. எதிர்வீட்டில் இருந்து முப்பது வருடம் அந்தச் சுவரைப் பார்த்து வாழ்ந்தவருக்கு இரண்டிலும் இடமில்லை. நகராட்சிகள் அந்த இடத்தைத் தரலாம், பெரிய செலவில்லை. பொதுவழியைப் பார்த்த ஓவியத்தை அழிக்கும் முன் அந்தத் தெருவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், அங்கே வாழ்பவர்கள் பேச ஒரு நாள் குறிக்க வேண்டும் என்று ஒரு விதி போதும்.