எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்க



2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா மக்களே? அடையாறு கரை மீறி ஓடுச்சு, சென்னையில பாதி இடத்துல கரண்ட் இல்ல, போனும் வேலை செய்யல. மீனவர்கள் தெருவுக்குள்ளேயே படகோட வந்தாங்க. ஆனா எந்த மாடியில நடக்க முடியாத பாட்டி இருக்காங்கன்னு படகுக்காரருக்கு யார் சொல்றது? பக்கத்து வீட்டுக்காரர்தானே!

சஷ்டி விரதம் இருக்கோம், வடபழனிக்கு நடந்தே போறோம். சந்தோஷம். எதிர் ஃப்ளாட்ல தனியா இருக்கிற தாத்தா ரெண்டு நாளா பால் பாக்கெட் எடுக்கலன்னா நம்ம கண்ணுல படுமா? பன்னிரு கண்ணோட எல்லாப் பக்கமும் பாக்குறவன் நம்ம அப்பன். நமக்கு இருக்கிறது ரெண்டே கண்ணு, அதுவும் போன்லயே!

இன்னைக்கு பூஜை முடிஞ்சதும் ஒரு கிண்ணம் பஞ்சாமிர்தத்தோட அந்தக் கதவைத் தட்டுங்க. பேரைக் கேளுங்க. ஊர்ல இருக்கிற பிள்ளைங்க நம்பரையும் வாங்கி வச்சுக்கோங்க.