மலடி யார்?

என் தாயார் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. எங்கள் உறவில் பெரியவர் ஒருவர். தான தருமத்தில் பெயர் பெற்றவர். மணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. வம்சம் விளங்க வேண்டும் என்று இரண்டாம் தாரம் கட்டி வைத்தார்கள். சட்டம் அதைத் தடுக்காத காலம். இளையவளுக்கும் வயிறு திறக்கவில்லை. கடைசியில் மூத்தவளும் இளையவளும் சேர்ந்தே அரச மரத்தைச் சுற்றினார்களாம். ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? "பாவம், நல்ல மனிதர், வாய்த்தது இரண்டும் மலடி!"

கணக்குத் தெரிந்த ஊர்தான். வட்டியும் முதலும் மனத்திலேயே போடும் ஊர். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் அது போட்டுப் பார்க்கவில்லை.

ஏன்? ஆண் விதைப்பவன், பெண் நிலம் என்பது நம் பழைய எண்ணம். பயிர் வராவிட்டால் நிலத்தைப் பழிப்பது எளிது. இந்த எண்ணம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. ஹாலந்து தேசத்து லீவன்ஹூக் 1677-இல், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே விந்தணுக்கள் நெளிவதைக் கண்டார். உடனே ஐரோப்பிய அறிஞர் சிலர், அந்த அணுவின் தலைக்குள் முழு மனிதனே குட்டியாகச் சுருண்டிருக்கிறான் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள்! பாலூட்டிகளின் கருமுட்டையைப் பேயர் என்பவர் கண்டறிந்தது 1827-இல். விந்தணுவைக் கண்ட மனிதன் முட்டையைக் காண நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் முட்டைதான் பெரியது. குறுக்களவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

உள்ளே நடப்பது என்ன? கோடிக்கணக்கான விந்தணுக்கள் புறப்படுகின்றன. கருக்குழாயில் முட்டை இருக்கும் இடத்தை எட்டுபவை சில நூறுதாம். எட்டினாலும், வந்தவுடன் அவற்றால் முட்டைக்குள் நுழைய இயலாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட்ட பிறகே அந்தத் திறன் வருகிறது. 1951-இல் தெரிய வந்த செய்தி இது. ஒன்று நுழைந்ததும் முட்டையின் மேலுறை மாறி, மற்றவற்றுக்குக் கதவு அடைபடுகிறது. தந்தையிடமிருந்து 23 குரோமோசோம்கள், தாயிடமிருந்து 23. விதைப்பவனும் இல்லை, நிலமும் இல்லை. இரண்டு பாதிகள் சேர்ந்துதான் ஓர் உயிர். பிறப்பது ஆணா பெண்ணா என்பதோ தந்தையின் அணுவைப் பொறுத்தது. பெண் பெற்றதற்காக மருமகளைத் தூற்றிய மாமியார்களை எண்ணிப் பாருங்கள்!

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம், முழுக் காரணமாகவோ துணைக் காரணமாகவோ, ஆணின் குறையும் இருப்பதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆணுக்குச் செய்யும் முதல் சோதனையும் எளியது. இருந்தும் பல வீடுகளில் இன்றும் முதலில் ஆஸ்பத்திரிப் படி ஏறுபவள் மனைவி. அகராதியில் 'மலடன்' என்ற சொல் இருக்கிறது. தெருவில் அதை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

அப்படியானால் பழியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிவிட்டால் நியாயம் ஆகிவிடுமா? ஆகாது என்பதே என் எண்ணம். முட்டை வெளிவந்து ஒரு நாள் கூட முழுதாகத் தங்குவதில்லை. அந்தச் சில மணி நேரத்தில், இருவர் உடலும் அறியாமலே நடக்கும் சந்திப்பில் புண்ணியம் ஏது, பாவம் ஏது? பிள்ளை பெற்றது சாதனை அன்று. பெறாதது குற்றமும் அன்று. மலடி என்ற சொல்லோடு மலடன் என்ற சொல்லும் ஒழிய வேண்டியதுதான்.

அந்தப் பெரியவரிடம் குறை இருந்திருந்தால் அதற்காக அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. இளையவள் வந்த பிறகும் தொட்டில் ஆடவில்லை என்றபோது, அவர் மனத்தில் ஒரு சந்தேகம் எழாமலா இருந்திருக்கும்? அந்தச் சந்தேகத்தை விழுங்கிவிட்டு, இரண்டு பெண்கள் அந்தச் சொல்லைச் சுமக்கப் பார்த்திருந்தாரே, அதற்குத்தான் கோபம். உடம்பின் குறைக்கு மனிதன் பொறுப்பாளி அல்ல. மௌனத்துக்குப் பொறுப்பாளிதான்.

ஊருக்கெல்லாம் நெல் அளந்து கொடுத்தவர் அவர். "குறை என்னுடையதாகவும் இருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தம் வீட்டுக்குள்ளேயே இரண்டு பேருக்கு அதைவிடப் பெரிய தருமம் செய்திருப்பார்.