சித்தங் கலங்கியோரிடம் கேட்கத் தக்க கேள்வி

1947-இல் தேசம் பிரிவுற்றபின், கிழக்கு வங்கத்தினின்று வந்த அகதிகள் கல்கத்தாவின் ஜாதவ்பூரையடுத்து, போர்க்கால ராணுவ முகாமிருந்த இடத்தில் பிஜய்கட் குடியேற்றத்தை அமைத்தனர். அவ்வாறு மண்ணும் உற்றாரும் இழந்தோருள் ஒருவர் சித்தங் கலங்கினால், அதனைப் பேயென்றும் பழவினையென்றும் ஒதுக்குதல் அறமாகுமா?

இளமையிற் கொடுமைக்குள்ளானோர்க்குச் சித்தப்பிரமை நேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கென 2012-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. எனினும், துயருற்றோர் யாவரும் பித்தராவதில்லை. பிறவிக்கூறும் வாழ்க்கை நெருக்கடியும் கூடியே நோய் பிறக்கிறது. தனியொரு காரணத்தால் எதுவும் தோன்றாதென்பது, சார்பின் தோற்றத்தை உணர்ந்த நமக்குப் புதிதன்று.

கணவனையும் மக்களிருவரையும் பெற்றோரையும் உடன்பிறந்தானையும் ஒருங்கே இழந்து, ஆடையின்றித் திரிந்த படாசாரையை ஊரார் பித்தியென்று விரட்டினர். பகவரோ அருகில் வரவிட்டு, நினைவு மீளச்செய்து, அவள் துயரைக் கேட்டருளினார்.

ஆதலின் அன்பர்காள், 'என்ன பாவம் செய்தாய்?' என்னாது, 'உனக்கு நேர்ந்தது யாது?' என்று வினவுவோமாக. மருத்துவரிடம் செல்லவும் துணை நிற்போமாக.