கூலியில்லா ஊழியமும் கணக்கும்

கூலி பெற்று வேலை செய்பவனுக்குக் கணக்கு உண்டு. கூலி பெறாமல் வேலை செய்பவனுக்குக் கணக்கு உண்டா? பேரேடு எழுதிப் பழகிய வியாபாரிகளாகிய நம்மிடம் இக்கேள்வியைக் கேட்டால், "காசு கைமாறாத இடத்தில் கணக்கு ஏது?" என்றே நம்மில் பலர் விடை கூறுவர். பெரிய விளையாட்டு விழாக்களில் தொண்டு செய்வோரையும், அவர்களை வேலை வாங்கும் முறையையும் சற்றுக் கவனித்தால், அவ்விடை பொருந்தாது என்பது விளங்கும்.

ஜொகூருக்கு இத்தகைய விழாக்கள் புதியன அல்ல. 1992ஆம் ஆண்டு சுக்மா விளையாட்டுகள் இங்கு நடைபெற்றன. 1997 நவம்பர் 16ஆம் நாள் லார்க்கின் விளையாட்டரங்கில் ஜப்பானும் ஈரானும் மோதிய கால்பந்தாட்டத்தைக் காண ஜப்பானியர் ஆயிரக்கணக்கில் கடல் கடந்து வந்தனர். அன்று 3க்கு 2 என்று வென்ற ஜப்பான், முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டிக்குள் நுழைந்தது. 2011 முதல் ஜொகூர் சுல்தான் கிண்ண ஹாக்கிப் போட்டி நடந்துவருகிறது. இத்தகைய நாட்களில் ஆடியவர்களின் பெயர்கள் ஏடுகளில் நிலைத்துவிடுகின்றன. வாயிலில் நின்று வழிகாட்டியவனையும், தண்ணீர் சுமந்தவனையும், வழிதவறிய பிள்ளையைப் பெற்றோரிடம் சேர்த்தவனையும் எவரும் எழுதிவைப்பதில்லை.

வெளிநாடுகளில் இவ்வூழியம் பெரும் படையாகவே வளர்ந்துவிட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சுமார் 70,000 தொண்டர்கள் பணியாற்றினர். 2022இல் கத்தார் நாட்டில் நடந்த உலகக் கிண்ணக் கால்பந்துக்கு 420,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தனர். அவர்களில் சுமார் 20,000 பேரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். உடையும் உணவும் தந்தார்கள், சம்பளம் இல்லை.

இங்கே வியாபாரியின் கண்ணுக்கு ஒரு கேள்வி தோன்றாமல் இராது. அனுமதிச் சீட்டு விற்கிறார்கள், விளம்பரத்தில் வருமானம், ஒளிபரப்பு உரிமையில் பெரும் பணம். இவ்வளவு வரவுள்ள இடத்தில் இலவசமாக ஆள் பிடிப்பது நியாயமா? அறிந்து, விரும்பி, ஒருவன் தன் நேரத்தைக் கொடுத்தால் அது அவனுடைய கொடை. அதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் கூலிக்கு ஆள் வைத்துச் செய்யவேண்டிய வேலையை, செலவை மிச்சப்படுத்துவதற்காகத் தொண்டர் தலையில் சுமத்தினால், அது கொடை ஆகாது. குப்பை அள்ளியும் மூட்டை சுமந்தும் பிழைக்கும் ஓர் ஏழையின் அன்றைய கூலியை எடுத்துக்கொண்டதாகவே ஆகும். ஆகவே, "இவ்வேலை இல்லாவிடில் எவர் பிழைப்புப் போகும்?" என்று கேட்டுப் பார்ப்பது பொறுப்பாளரின் முதற் கடமை.

இரண்டாவது, வீணாக்காமை. விலை கொடுத்து வாங்கிய சரக்கை நாம் எண்ணி அடுக்குகிறோம். இலவசமாக வந்ததை எண்ணுவதில்லை. இளைஞர்களைச் சுபுஹு தொழுத கையோடு வரச்சொல்லி, லுஹர் வரை வேலை எதுவும் கொடாமல் நிறுத்திவைப்பதும், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலையவிடுவதும், பசியாற நேரம் தராமலிருப்பதும், இரவு ஆட்டம் முடிந்தபின் வீடு திரும்ப வாகனமின்றி விட்டுவிடுவதும், இவ்வெண்ணத்தின் விளைவே.

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு எனப் பதிந்த சுமார் 80,000 தொண்டரில், 2021 ஜூன் தொடக்கத்துக்குள் ஏறக்குறைய 10,000 பேர் விலகினர். கொள்ளைநோய் அச்சம் அதற்குப் பெருங்காரணம். எனினும், அமைப்புக்குழுத் தலைவர் பெண்களைப்பற்றி இழிவாகப் பேசியதனால் மனம் வெறுத்து விலகியோரும் இருந்தனர். அவர் 2021 பிப்ரவரியில் பதவி துறக்க நேர்ந்தது. கூலியாள் வசைமொழி கேட்டும் குடும்பத்தை நினைத்துப் பொறுத்திருப்பான். தொண்டன் ஏன் பொறுக்கவேண்டும்? மரியாதை ஒன்றே அவனைப் பிடித்துவைக்கும் கயிறு.

இதனால் தொண்டனுக்குக் கடமையே இல்லை என்று கொள்ளலாகாது. "சும்மாதானே வந்தேன், நினைத்தால் வருவேன்" என்று சொல்லும் இளைஞன், தான் கொடுத்த வாக்கை மறந்துவிடுகிறான். அவன் உழைப்பை விற்கவில்லை என்பது மெய். ஆனால் வாக்கைக் கொடுத்திருக்கிறான். வாக்கு ஓர் அமானிதம். ஒரு வாயிலில் நிற்கவேண்டியவன் வராவிட்டால், அங்கே நெரிசலில் சிக்குவது ஒரு முதியவராகவோ பச்சிளம் பிள்ளையாகவோ இருக்கக்கூடும்.

நம் கடைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. விழாவுக்கு ஆள் கேட்டால், கடைச் சிப்பந்திகள் இருவரை அனுப்பிவிட்டு, "நாம் தொண்டு செய்தோம்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. முதலாளி ஏவிப் போகிறவன் தொண்டனல்லன், ஏவலாளன். அன்றைய சம்பளத்தையும் பிடித்துக்கொண்டால் அது அநியாயமே ஆகும். "விருப்பமானால் போய்வா, சம்பளம் குறையாது, விருப்பமில்லையேல் கடையில் இரு, மனவருத்தம் இல்லை" என்று சொல்லும் முதலாளிக்கு அவர் விட்டுக்கொடுத்த கூலியின் நன்மை உண்டு, போனவனுக்கு அவன் உழைப்பின் நன்மை உண்டு. ஒருவர் பங்கை மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

2020 ஜூலையில் ஜொகூரில் நடக்கவிருந்த சுக்மா, கொள்ளைநோயினால் தள்ளிவைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. அதில் ஊழியம் செய்ய எண்ணியிருந்தோர்க்குத் திடலில் கால் வைக்கவும் வாய்க்கவில்லை. நம் பேரேட்டில் அது எழுதப்படாத பக்கம். உள்ளத்து நிய்யத்தை அறிந்த அல்லாஹ்விடம் அது வீணாகாது என்பது நம் நம்பிக்கை. செய்யாத ஊழியத்தின் எண்ணத்துக்கே அங்கு மதிப்பு உண்டென்றால், செய்த ஊழியத்தைப் பாழாக்கியவரிடம் கேள்வி இராதா?

ஆதலால் பள்ளிவாசல் நோன்புக்கஞ்சியாயினும் பன்னாட்டுப் பந்தயமாயினும், ஆள் சேர்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்தால், பெயரையும் வேலையையும் நேரத்தையும் முன்னரே எழுதிக்கொடுப்போம்; உணவுக்கும் தொழுகைக்கும் இடைவேளை விடுவோம்; வீடு சேரும்வரை பொறுப்பேற்போம்; முடிந்ததும் பெயர் சொல்லி நன்றி கூறுவோம். கூலியில்லா ஊழியத்தின் கணக்கையும் நேர்மையாக வைக்க வல்ல நாயன் நமக்குத் தவ்பீக் செய்வானாக. ஆமீன்.