ஆணையின் குரலும் கடன்பட்டார் அச்சமும்: ஓர் அறவியல் நோக்கு

தமிழிலே 'கடன்' என்னுஞ் சொல் இருபொருள் தாங்கி நிற்பது. பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடனே. ஒருவர் தம் நிலைக்கேற்பச் செய்தே தீரவேண்டிய செயலும் கடனே. புறநானூற்றிலே பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களை வகுத்துரைக்கும்போது, அங்கு இரண்டாவது பொருளே ஆளப்படுகின்றது. இன்றைய வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் முதலாவது பொருளையே அறியும். ஆயினும், தமிழ் பேசும் எளிய மனிதரின் உள்ளத்தில் இவ்விரண்டும் பிரிந்து நிற்பதில்லை. வாங்கிய பணத்தைத் தவணை தப்பாமல் கட்டமுடியாதவர் தம்மிடம் பணமில்லை என்று மட்டும் வருந்துவதில்லை. செய்யவேண்டியதைச் செய்யாது விட்டோம் என்று கூசுகின்றார். இக்கூச்சத்தையே மூலதனமாகக் கொண்டு நடைபெறும் ஒரு வஞ்சனை எழுப்பும் அறவியல் வினாக்கள், அதனால் இழக்கப்படும் பணத்தின் அளவைக் காட்டிலும் பெரியவை.

வஞ்சனையின் அமைப்பு எளியது. தொலைபேசி ஒலிக்கும். அழைப்பவர் நீதிமன்ற அழைப்பாணையைச் சேர்ப்பிக்க வந்துகொண்டிருக்கும் உத்தியோகத்தராகவோ, ஒரு கடன் நிறுவனத்தின் சட்டப் பிரிவைச் சேர்ந்தவராகவோ தம்மை அறிமுகஞ் செய்வார். கேட்பவரின் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைத் தாமே சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வார். பழைய கடனொன்று நிலுவையில் உள்ளது, வழக்குப் பதிவாகிவிட்டது, இன்று மாலைக்குள் இன்ன கணக்கிற்குப் பணம் வராவிடின் பிடியாணை எழுதப்படும் என்பார். ஐக்கிய அமெரிக்காவின் வணிக ஆணைக்குழு 2012 பெப்ரவரியில் நீதிமன்றத் தடை பெற்று நிறுத்திய ஒரு நடவடிக்கை இதற்குச் சிறந்த சான்றாகும். அங்கே இந்தியாவிலிருந்து பேசியவர்கள் பொலிஸ் அதிகாரிகளாகவும் சட்டத்தரணிகளாகவும் நடித்து, அமெரிக்கரிடமிருந்து 50 இலட்சம் டொலருக்கு மேல் பெற்றனர் என ஆணைக்குழு குற்றஞ் சாட்டியது. பணம் கொடுத்தோரில் பலர் அக்கடனை வாங்கியிருக்கவே இல்லை. வாங்கியிருந்தோரும் பேசியவர்களுக்கு எதையும் கொடுக்கவேண்டியவரல்லர். குறுங்காலக் கடன் வேண்டி எங்கோ ஒருமுறை விபரங்களைப் பதிந்தவர்கள் அவர்கள். அவ்விபரங்களே அவர்களுக்கு எதிரான சான்றாக அவர்களிடமே வாசித்துக் காட்டப்பட்டன. 2024இல் இந்தியாவில் பரவிய 'டிஜிற்றல் கைது' இதன் அடுத்த வடிவம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் லுதியானாவின் பெரும் ஆலையதிபர் ஒருவர், ஒளித்திரையில் அமைக்கப்பட்ட போலி உச்சநீதிமன்றின் முன், பிரதம நீதியரசராக நடித்தவரின் ஆணைக்குப் பணிந்து 7 கோடி இந்திய ரூபாவை இழந்தார்.

இவ்விடத்து ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. சீட்டிழுப்பில் பரிசு விழுந்தது என்று சொல்லி ஏமாற்றுபவன் மனிதரின் ஆசையைத் தூண்டிலிடுகின்றான். அதில் அகப்பட்டவரைச் சமூகம் ஓரளவு எள்ளலோடு பார்ப்பதுண்டு. பேராசைக்குக் கிடைத்த கூலி என்று சொல்வதற்கு அங்கே இடமும் உண்டு. பிடியாணையைச் சொல்லி ஏமாற்றுபவனோ ஆசையைத் தொடுவதே இல்லை. சட்டத்துக்குப் பணியவேண்டும், பட்ட கடனைத் தீர்க்கவேண்டும், குடும்பத்துக்கு அவமானம் வரக்கூடாது என்னும் உணர்வுகளையே அவன் தொடுகின்றான். நல்ல குடிமகனிடம் இருக்கவேண்டும் என்று பாடநூல்கள் கூறும் பண்புகள் இவையே. மனச்சான்று மழுங்கியவனிடம் இவ்வஞ்சனை பலிப்பதில்லை. எத்தனையோ கடன்களை ஏமாற்றிப் பழகியவன் அக்குரலைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவான். அவ்வாறாயின், தமது நற்பண்பின் வழியாகவே ஏமாற்றப்பட்டவரை மூடர் என்பது எவ்வகையில் நியாயமாகும்? கல்வியின்மையே காரணம் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. லுதியானா ஆலையதிபரிடம் கல்விக்கோ செல்வத்துக்கோ குறைவிருக்கவில்லை.

யேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட தமது அறவியல் நூலிலே பொய்க்கு எடுத்துக்கொண்ட உதாரணமும் கடனைப் பற்றியதே என்பது சுவையானது. திருப்பித்தர முடியாதென அறிந்தும் தருவேன் என்று வாக்களித்துக் கடன் வாங்குபவனை அவர் காட்டுகின்றார். எல்லோரும் அவ்வாறு செய்யின் வாக்குறுதி என்பதே பொருளற்றதாகிவிடும். ஆகவே பொய்யன் பிறரது மெய்யை உண்டே வாழ்கின்றான் என்பது அவர் வாதத்தின் சாரம். கான்ற் காட்டியவன் பொய்யான கடனாளி. இங்கே பேசப்படுபவன் பொய்யான கடன்காரன். வாதம் இருவருக்கும் பொருந்தும். நீதிமன்ற உத்தியோகத்தர் பெரும்பாலும் மெய்யே பேசுவர் என்னும் நம்பிக்கை இல்லையேல் இவனது தொழில் ஒருநாளும் நடவாது.

ஆயின் கான்றின் விளக்கம் பாதி உண்மையையே தருகின்றது. நீதிமன்றத்தின் நேர்மை ஒன்றினால் மட்டும் இவ்வஞ்சகன் பிழைத்துவிட முடியாது. அந்நீதிமன்றம் மக்களுக்கு விளங்காததாகவும், தொலைவில் இருப்பதாகவும், அஞ்சப்படுவதாகவும் இருத்தல் அவனுக்கு இன்றியமையாதது. அழைப்பாணை எவ்வாறு வரும், யார் கொண்டுவருவார், எதற்குப் பிடியாணை பிறக்கும், எதற்குப் பிறக்காது என்பதைத் தெளிவாக அறிந்தவரிடம் அக்குரல் நீண்டநேரம் பேசமுடியாது. நேர்மையைக் குறைத்து அவனைப் பட்டினி போடுவது எவரும் விரும்பத்தக்கதன்று. தொலைவைக் குறைப்பது இயலக்கூடியது. அது யாருடைய கடன் என்பதே வினா.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் இத்தொலைவுக்கு ஒரு வரலாறு உண்டு. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ ஹேவாஹெட்டையிலோ உள்ள தோட்டமொன்றின் லயத்தில் அக்குரல் கேட்குமாயின், அது வெறும் கற்பனை அச்சத்தை எழுப்புவதில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைத்தண்டனைக்குரிய குற்றவாளியாவார். அவரைப் பிடித்துவரப் பிடியாணை பிறந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவும் கங்காணியிடம் வாங்கிய முற்பணமும் அவர் தலைமேற் கடனாய் நின்றன. அக்கடனைச் செலுத்தி ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. துண்டின்றி வேறு தோட்டத்திற் பெயர்பதிய முடியாது; துண்டோடு போனால் கடனும் கூடவே போகும். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது. கடன் என்றால் பிடியாணை என்று இன்று பொய்சொல்பவன், அம்மலைகளில் ஒருகாலத்தில் அரசாங்கமே மெய்யாகச் சொன்னதையே திருப்பிச் சொல்கின்றான்.

இன்றைய மெய்க்குரலும் பொய்க்குரலிலிருந்து போதிய அளவு வேறுபட்டதாயில்லை என்பது மேலும் கவலைக்குரியது. 2018 செப்ரெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்நிதிக் கடன் பெற்ற பெண்கள் அறவிடுவோரின் உளவியல், உடல்சார் வன்முறைகளுக்கு ஆளாவதையும், சிலரிடம் பாலியல் இணக்கம் கோரப்பட்டதையும் எடுத்துரைத்தார். உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஊழியர் வாசலில் நின்று உரத்துப் பேசுவதைக் கேட்டுப் பழகிய ஒருவருக்கு, தொலைபேசியில் வரும் மிரட்டல் போலியென ஐயுற எக்காரணமும் இல்லை. மிரட்டல் என்பதே அறவிடுதலின் இயல்பான மொழியாகிவிட்ட இடத்தில் போலி மிரட்டல் எவ்வாறு தனித்துத் தெரியும்? அமெரிக்காவில் 1977இலேயே இயற்றப்பட்ட கடன் அறவீட்டுச் சட்டம், அறவிடுவோர் அரசு அதிகாரிபோல் நடிப்பதையும் பொய்யாகக் கைது அச்சுறுத்தல் விடுப்பதையும் தடைசெய்கின்றது. அச்சட்டம் இருந்தும் 2012ஆம் ஆண்டு நிகழ்ச்சி நடந்தது உண்மையே. ஆயினும் எது முறையற்றது என்பதற்கு அங்கே ஓர் அளவுகோல் இருந்தது. முறையிட்டவர் அதைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

இன்னொரு முரண்பாட்டையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி இலங்கை அரசாங்கம் தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. கட்டமுடியவில்லை என்ற அவ்வொப்புதலுக்குப் பின் பேச்சுவார்த்தை மேசைகள் போடப்பட்டன, தவணைகள் மாற்றப்பட்டன, எவரும் விலங்கோடு வரவில்லை. அதே சொற்களைத் தெல்தோட்டையில் ஒரு பெண் சொன்னால் அவரைக் குற்றவாளிபோல் நடத்தும் உரிமை எங்கிருந்து பிறந்தது? ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை என்னும் ஒரே காரணத்துக்காக எவரையும் சிறையிடலாகாது என்று கூறும் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையின் 11ஆம் உறுப்புரையை ஏற்று, இலங்கை 1980இலேயே அப்பொருத்தனையில் இணைந்துள்ளது. லயங்களில் வாழ்வோருள் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டது?

பொய்யனின் குற்றம் இவற்றால் குறைந்துவிடாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அரச ஊழியராக ஆள்மாறாட்டம் செய்வதைத் தனிக் குற்றமாகவே கொள்கின்றது, அது சரியுமாகும். எனினும் குற்றம் ஒருவரிடம் முழுமையாக இருப்பதால் மற்றவரிடம் பொறுப்பே இல்லை என்றாகிவிடாது. சிலப்பதிகாரம் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. மதுரையில் பொய்சொன்னவன் பொற்கொல்லன்; பாண்டியனும் அப்பொய்யால் ஏமாற்றப்பட்டவனே. தானும் ஏமாற்றப்பட்டதாகக் கூறி அவன் தப்பித்துக்கொள்ள வழியிருந்தது. இன்றைய நிறுவனமாயின் அவ்வாறே ஓர் அறிக்கை விட்டிருக்கும். ஆனால் கண்ணகியின் சிலம்பு உடைந்ததும் அவன் பொற்கொல்லனைக் கைகாட்டவில்லை. தன் பெயரால், தன் ஆணையின் வழியால் அநீதி நடந்தமையின் குற்றத்தைத் தன்மேல் ஏற்றான். ஆராயாது ஆணையிடும் வழக்கம் அரண்மனையில் இருந்திராவிடின் பொற்கொல்லனின் பொய் ஓர் உயிரைக் கொன்றிருக்காது என்பதை அவன் உணர்ந்தான். 2025 ஒக்ரோபரில் இந்திய உச்சநீதிமன்று, தன் பெயரில் போலி ஆணைகள் காட்டி முதியவர்கள் ஏமாற்றப்பட்டமையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டபோது, இப்பழைய உணர்வின் ஒரு கூறு அதில் இருந்தது எனலாம்.

மறுமுனையிற் பேசுபவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. 2024 ஒக்ரோபரில், கண்டிக்கு அண்மையிலுள்ள குண்டசாலையின் விடுதியொன்றில், இணையவழி நிதிமோசடிச் சந்தேகத்தின்பேரில் 120 இற்கும் மேற்பட்ட சீனப் பிரசைகளைப் பொலிசார் கைதுசெய்தனர். மகாவலிக் கரையில் இருந்துகொண்டு கடல்கடந்த மனிதரை ஏமாற்றலாம் என்பதை ஊர் அன்று அறிந்தது. மறுபுறத்தில், தொழில் தேடிச் சென்ற இலங்கையர் மியன்மாரின் மியாவதிப் பகுதி மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு இதே தொழிலுக்கு வற்புறுத்தப்பட்டனர். மியன்மாரில் மட்டும் 120,000 பேராவது இவ்வாறு வற்புறுத்தப்பட்டிருக்கலாம் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. அம்முகாம்களிலிருந்து வெளியேற விரும்புபவரிடம் பெருந்தொகை கேட்கப்படுகின்றது. அதைக் கொடுக்கும்வரை அவர் அங்கேயே உழைக்கவேண்டும். துண்டு முறை ஒழிந்து நூறாண்டு கடந்த பின்னும் அதன் தருக்கம் வேறோரிடத்தில் உயிரோடு இருக்கின்றது. தன் மீட்புப் பணத்துக்காகப் பொய் பேசும் அடிமைக்கும், குளிரூட்டிய அறையில் இலாபம் எண்ணும் முதலாளிக்கும் ஒரே அளவிற் குற்றஞ் சுமத்துவோர் அறவியலை எளிதாக்கிவிடுகின்றனர்.

எந்தக் குரலையும் நம்பாதீர் என்பதே இன்று பொதுவாக வழங்கப்படும் அறிவுரை. தற்காப்புக்கு அது உதவலாம். ஆனால் எல்லாச் சுமையையும் கேட்பவரின் தலையிலேயே ஏற்றிவிடும் அவ்வறிவுரை, நீதிமன்றத்தின் குரலையும் நம்பாத ஒரு மக்கட்கூட்டத்தை உருவாக்கக்கூடும். நம்பிப் பணிந்தவரை இரண்டாவது முறை அவமானப்படுத்தவும் செய்யும்.

சட்டம் தன் வருகையை ஏற்கனவே ஒழுங்குசெய்தே வைத்துள்ளது. குடியியல் வழக்கொன்றின் அழைப்பாணை பதிவுத் தபாலிலும், அது கைகூடாதவிடத்து பிஸ்கால் உத்தியோகத்தரின் கையிலோ அப்பிரிவின் கிராம உத்தியோகத்தரின் கையிலோ வரவேண்டும். கிராம உத்தியோகத்தர் முகமறிந்தவர். மாலைக்குள் பணம் அனுப்பு என்று கேட்பவரல்லர். 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி கண்டி நீதிமன்றங்களின் நடபடிகள் சிங்களத்தில் நிகழ்கின்றன. பிரதிவாதியின் மொழி மன்றின் மொழியன்றாயின் அழைப்பாணை அவரது மொழியில் பெயர்க்கப்படவேண்டும் என்று குடியியல் நடபடிமுறைக் கோவை கூறுகின்றது. மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை நீங்காதவரை, தபாற்காரர் கொண்டுவரும் உண்மையான தாளை வாசிப்பதற்குப் பிள்ளைகளையோ அயலவரையோ தேடி ஒரு முதியவர் லயங்களுக்கிடையே நடக்கவேண்டியிருக்கும். தொலைபேசியில் அழைப்பவனோ அவருக்கு விளங்கும் தமிழிலேயே பேசுகின்றான்.